அட்டையில் இல்லாத பெயர்கள்

உத்திரமேரூர் வட்டாரத்தில், ஏரிப் பாசனத்தை நம்பி வாழும் சிற்றூர் ஒன்றின் கிளைப்பங்கு ஆலயத்திற்குத் திருவருகைக் காலத்து மாலைப் பொழுதொன்றில் நாம் சென்றிருந்தோம். கிறிஸ்து பிறப்பு விழாப் பாடல்களுக்கான ஒத்திகை அன்று நடைபெறும் என்று உபதேசியார் சொல்லியிருந்தார். ஆனால் ஆலயத்தினுள் அடியெடுத்து வைத்தபோது நம் செவியில் விழுந்தது பாடல் அன்று. ஒரு சிறு வாக்குவாதம்.

ஒரு புறம் பாயின் மீது தம் ஆர்மோனியப் பெட்டியோடு அமர்ந்திருந்தார் பெரியவர் ஒருவர். பகலில் தையல் இயந்திரத்தின் முன் உழைப்பவர். முப்பது ஆண்டுகளாக அவ்வாலயத்தின் வழிபாட்டுக்கு வாசித்து வருபவர். மறு புறம் கல்லூரியில் பயிலும் இளைஞர் மூவர். அவர்களுள் ஒருவனது கையில் கைப்பேசி. காலடியில் புதிதாக வாங்கிய ஒலிபெருக்கி. பாடகரின் குரலை நீக்கி, வாத்திய இசையை மட்டும் வைத்திருக்கும் 'மைனஸ் டிராக்' என்னும் ஒலிப்பதிவுகளை அவன் சேகரித்து வந்திருந்தான்.

"தாத்தா, வயலின், புல்லாங்குழல், டிரம்ஸ் எல்லாம் இதிலேயே இருக்குது. அழுத்தினால் போதும். சுருதியும் விலகாது, தாளமும் தப்பாது. நீங்க சிரமப்பட வேண்டாம்" என்றான் அவன், மரியாதையாகவே.

பெரியவர் சினங்கொள்ளவில்லை. சற்று நேரம் அந்த இசையைச் செவிமடுத்துவிட்டு, "நல்லாத்தான் இருக்குது தம்பி. அந்த வயலினை வாசிச்சவர் யாரு?" என்று மட்டும் கேட்டார்.

இளைஞன் கைப்பேசியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். பாடகரின் பெயர் இருந்தது. வெளியிட்ட நிறுவனத்தின் பெயர் இருந்தது. வயலின் வாசித்தவரின் பெயர் எங்கும் இல்லை. "தெரியலையே, தாத்தா" என்றான்.

அன்றைய வழக்கு அங்கே தீர்ந்துவிடவில்லை. ஆயினும் அந்தக் கேள்வி நம் உள்ளத்தில் தங்கிவிட்டது. நாம் அன்றாடம் கேட்டு மகிழும் பாடல்களுக்குப் பின்னே எத்தனை கைகள்! அவற்றுள் எத்தனை கைகளுக்கு உரியவரை நாம் அறிவோம்? நம் தமிழகத்தில் உருவாகி, உலகெங்கும் ஒலித்த ஒரு பாடல் தொகுப்பின் வரலாற்றைக் கொண்டு இதனைச் சற்றே ஆராய்வோம்.

1997ஆம் ஆண்டு இந்தியா தன் விடுதலையின் பொன்விழாவைக் கொண்டாடியது. அவ்வாண்டு ஆகஸ்டு மாதத்தில் சோனி மியூசிக் நிறுவனம் 'வந்தே மாதரம்' என்னும் பாடல் தொகுப்பை வெளியிட்டது. திரைப்படம் எதையும் சாராத பாப் இசைத் தொகுப்பு அது. இசையமைத்தவர் ஏ. ஆர். ரகுமான், முன்னின்று பாடியவரும் அவரே. பரத்பாலா அம்முயற்சியில் அவருக்குத் துணை நின்றார். இந்தி வரிகளை மெகபூப் எழுத, 'தாய் மண்ணே வணக்கம்' என்னும் தமிழ்ப் பாடலை வைரமுத்து எழுதினார். சமாதானத்தை வேண்டும் பாடலொன்றில் பாகிஸ்தானின் புகழ்பெற்ற கவ்வாலிப் பாடகர் நுஸ்ரத் ஃபதே அலிகான் ரகுமானோடு இணைந்து பாடியிருந்தார். தொகுப்பு வெளிவந்த அதே மாதம் 16ஆம் நாள் அப்பெரும் பாடகர் இவ்வுலக வாழ்வை நீத்தார். எல்லைக்கோட்டின் இரு புறத்துக் குரல்களும் ஒரே பாடலில் சேர்ந்து ஒலித்த அந்நிகழ்ச்சி, அதனாலேயே பலரது நினைவில் நிலைத்துவிட்டது.

பள்ளிக்கூடங்களின் சுதந்திர தின விழாக்களில் அத்தொகுப்பின் பாடலை நம் பிள்ளைகள் இன்றும் பாடுகிறார்கள். அட்டையிலே பெரிய எழுத்தில் நின்ற பெயர் ரகுமானுடையது. ஆனால் அந்தப் பெயரை உடையவர், அதற்கு முன் பல்லாண்டுக் காலம், எந்த அட்டையிலும் பெயர் வராத வாத்தியக்காரராக இருந்தவர் என்பது பலரும் எண்ணிப் பாராத செய்தி.

ரகுமான் 1967ஆம் ஆண்டு சனவரி 6ஆம் நாள் சென்னையில் பிறந்தார். பெற்றோர் இட்ட பெயர் திலீப்குமார். தந்தை ஆர். கே. சேகர் மலையாளத் திரையுலகில் இசையமைப்பாளர். பிற இசையமைப்பாளர்களின் பாடல்களுக்கு வாத்தியங்களை வகுத்துத் தரும் பணியையும் அவர் செய்து வந்தார். 1976ஆம் ஆண்டில் அவர் மறைந்தபோது மகனுக்கு வயது ஒன்பது. குடும்பத் தலைவரை இழந்த அவ்வீட்டில் எஞ்சியவை அவர் சேர்த்து வைத்திருந்த இசைக் கருவிகள். அவற்றை வாடகைக்கு விட்டு வந்த பணத்தில் தாயார் குடும்பத்தை நடத்தினார். தந்தையின் கருவிகள் பிறர் கைகளில் ஒலித்து, பிள்ளைகளுக்குச் சோறூட்டின. விதவைத் தாயொருத்தியின் தளராத உறுதி ஒரு குடும்பத்தை எவ்வாறு நிமிர்த்தும் என்பதற்கு இதனினும் வேறு சான்று வேண்டுமோ?

பின்னர் அச்சிறுவனே கருவியின் முன் அமர்ந்தான். இளையராஜா, எம். எஸ். விசுவநாதன் முதலிய இசையமைப்பாளர்களின் குழுக்களில் கீபோர்டு வாசித்தான். பள்ளிப் படிப்பைத் தொடர இயலவில்லை. விளம்பரப் படங்களுக்கு இசையமைத்தும், பிறர் பாடல்களுக்கு வாசித்தும் வளர்ந்தான். 1992ஆம் ஆண்டு வெளிவந்த 'ரோஜா' திரைப்படமே நாடறிய அவரது பெயரைக் கொண்டு வந்தது.

இதில் மற்றொரு வியப்பும் உண்டு. அவர் எவரது குழுவில் வாசித்தாரோ, அந்த இளையராஜாவும் அதே பாதையில் நடந்து வந்தவரே. பண்ணைப்புரத்தில் பிறந்து, தமையனார் பாவலர் வரதராசனின் குழுவோடு ஊர் ஊராகச் சென்று மேடைகளில் ஆர்மோனியம் வாசித்தவர் அவர். சென்னை வந்த பின்னர் ஜி. கே. வெங்கடேஷ் முதலிய இசையமைப்பாளர்களிடம் கிதார் வாசித்தும் உதவியாளராகப் பணியாற்றியும் காத்திருந்தார். 1976ஆம் ஆண்டு 'அன்னக்கிளி' வெளிவந்த பிறகே அவரது பெயர் சுவரொட்டிகளில் ஏறியது. மேனாட்டு இசையை இவ்விருவருக்கும் வெவ்வேறு காலங்களில் கற்பித்தவர் ஒருவரே. அவர் தன்ராஜ் மாஸ்டர். அவருடைய பெயரை நம்முள் எத்தனை பேர் அறிந்திருப்போம்?

கோடம்பாக்கத்தின் ஒலிப்பதிவுக் கூடங்களில் அந்நாளைய வேலைமுறை எப்படி இருந்தது என்பதை இளைய தலைமுறையினர் அறிதல் நன்று. காலையில் கால்ஷீட்டுக்கு வாத்தியக் கலைஞர்கள் வந்து கூடுவர். வயலின் வாசிப்போர் வரிசையாக அமர்வர்; புல்லாங்குழல், வீணை, கிதார், தபேலா, டிரம்ஸ் எனத் தத்தம் இடங்களில் மற்றவர்கள் அமர்வர். இசைக் குறிப்பு எழுதிய தாள்கள் அவர்கள் முன் வைக்கப்படும். வீட்டிற்கு எடுத்துச் சென்று பழகிப் பார்க்கும் வசதி கிடையாது. அங்கேயே பார்த்து, அங்கேயே ஒத்திகை செய்து, பாடகரோடு சேர்ந்து முழுப் பாடலையும் ஒரே மூச்சில் வாசித்தாக வேண்டும். நாற்பது பேருள் ஒருவர் விரல் பிசகினாலும் பாடல் மீண்டும் முதலிலிருந்து தொடங்கும். பக்கத்தில் இருப்பவர் பிசகிவிடக் கூடாதே என்ற கவலை ஒவ்வொருவருக்கும் இருந்தது. ஏனெனில் ஒருவரது பிழை எல்லோரது உழைப்பையும் வீணாக்கும். ஒருவரது திறமை எல்லோரது பாடலையும் உயர்த்தும்.

அவர்கள் பெற்றது அன்றைய வாசிப்புக்கான கூலி மட்டுமே. பாடல் நாடெங்கும் பரவி, இசைத்தட்டு பல்லாயிரம் விற்றாலும் அக்கூலி கூடாது. அட்டையில் பெயரும் வராது. இவர்களுடைய உரிமைகளுக்காகச் சங்கம் அமைத்துப் பாடுபட்டவர் இசையமைப்பாளர் எம். பி. சீனிவாசன். சென்னை இளைஞர் சேர்ந்திசைக் குழுவைத் தோற்றுவித்தவரும் அவரே. பலர் கூடிப் பாடுவதன் பெருமையை அறிந்தவர், பலர் கூடி வாசிப்போரின் துயரையும் அறிந்திருந்தார் எனலாம்.

ரகுமானின் வருகையோடு இந்த வேலைமுறை பெரிதும் மாறிற்று. தம் வீட்டை ஒட்டி அவர் அமைத்துக்கொண்ட பஞ்சதன் ஒலிப்பதிவுக் கூடத்தில் கணினியும் மின்னணுக் கருவிகளும் இடம்பெற்றன. நாற்பது பேர் ஒருங்கே கூட வேண்டிய தேவை குறைந்தது. ஒரு கலைஞர் தனியாக வந்து, பெரும்பாலும் இரவு வேளையில், தமக்குத் தோன்றியவாறெல்லாம் வாசித்துவிட்டுப் போவார். அவற்றுள் தக்க பகுதியை எடுத்துப் பாடலில் பொருத்துவார் இசையமைப்பாளர். எழுதிக் கொடுத்ததை வாசிக்கும் நிலை மாறி, கலைஞரின் சொந்தக் கற்பனைக்கும் இடம் பிறந்தது. புல்லாங்குழல் கலைஞர் நவீன், பேஸ் கிதார் கலைஞர் கீத் பீட்டர்ஸ், தாளக் கலைஞர் சிவமணி போன்றோர் இந்தப் புதிய முறையில் தங்கள் தனித்தன்மையைக் காட்டினர்.

ஆனால் நாணயத்தின் மறுபக்கத்தையும் மறைத்தல் நேர்மையன்று. நாற்பது பேர் செய்த வேலையை நான்கு பேரும் ஒரு கணினியும் செய்யத் தொடங்கியபோது, மற்ற முப்பத்தாறு பேரின் வீட்டு அடுப்பு என்னவாகும்? வயலின் வரிசைகளில் அமர்ந்திருந்த பலர், காலப்போக்கில் கால்ஷீட்டுகள் குறைந்து வருந்தினர். புதுமை தரும் இன்பத்திற்கு எவரோ ஒருவர் விலை கொடுக்கிறார். அவரை நாம் பார்ப்பதில்லை. ஏனெனில் முன்பும் நாம் அவரைப் பார்த்ததில்லை!

இவ்விடத்தில் ரகுமான் செய்த நற்செயல் ஒன்றை நாம் சிறப்பித்துச் சொல்ல விரும்புகிறோம். தம் பாடல்களின் ஒலிநாடா உறைகளில், வாத்தியம் வாசித்தோர், ஒலிப்பதிவு செய்தோர் ஆகியோரின் பெயர்களை அச்சிடும் வழக்கத்தை அவர் கொண்டுவந்தார். குழல் வாசித்தவர் இன்னார், கிதார் வாசித்தவர் இன்னார், பதிவு செய்தவர் இன்னார் எனச் சிறிய எழுத்தில் அப்பட்டியல் இருக்கும். கடையில் ஒலிநாடா வாங்கிய மாணவன் ஒருவன், பாடலைக் கேட்டுக்கொண்டே அந்தப் பெயர்களை முதன்முறையாகப் படித்தான். பெயரற்ற பின்வரிசையில் அமர்ந்திருந்த நாட்களை அவர் மறந்திருந்தால் இது நிகழ்ந்திருக்குமா?

2009ஆம் ஆண்டு ஆஸ்கார் விருது மேடையில் நின்று, 'எல்லாப் புகழும் இறைவனுக்கே' என்று அவர் தமிழில் மொழிந்ததை உலகம் கேட்டது. புகழை இறைவனுக்குச் செலுத்துவோர் பலர் உண்டு. அதே புகழில் உடன் உழைத்த மனிதனுக்குரிய பங்கையும் எழுத்திலே கொடுப்போர் சிலரே. முன்னது பக்தி, பின்னது நீதி. இரண்டும் சேர்ந்த இடத்தில்தான் பக்தி நிறைவு பெறுகிறது. 2008ஆம் ஆண்டில் அவர் சென்னையில் இசைக் கல்லூரி ஒன்றைத் தொடங்கியதும், வசதியற்ற பிள்ளைகளுக்கு வாத்தியப் பயிற்சி அளிக்கும் 'சன்ஷைன்' இசைக்குழுவை அமைத்ததும் அந்த நீதியின் தொடர்ச்சியே எனக் கொள்ளலாம்.

பெயர் மறைக்கப்பட்ட வாத்தியக்காரர்களின் வரலாறு நம் நாட்டுக்கு மட்டும் உரியதன்று. அமெரிக்காவின் டெட்ராய்ட் நகரில் மோட்டவுன் என்னும் இசை நிறுவனம் இருந்தது. அதன் பாடல்களுக்கெல்லாம் பின்னணி வாசித்த குழுவினர் 'ஃபங்க் பிரதர்ஸ்' எனப்பட்டனர். 1960களில் உலகமே ஆடிப் பாடிய எத்தனையோ பாடல்கள் அவர்களுடைய விரல்களில் பிறந்தவை. ஆனால் இசைத்தட்டு உறைகளில் அவர்கள் பெயர் வரவில்லை. 1971ஆம் ஆண்டில் மார்வின் கே என்னும் பாடகர், பிறரோடு சேர்ந்து எழுதி, தாமே பாடி, 'வாட்ஸ் கோயிங் ஆன்' என்னும் தொகுப்பை வெளியிட்டார். வியட்நாம் போரையும் ஏழையரின் துயரையும் நினைந்து பாடிய தொகுப்பு அது. அதன் உறையிலேதான் அக்கலைஞர்களின் பெயர்கள் முதன்முதலாக இடம்பெற்றன. அவர்களுள் பேஸ் கிதார் வாசித்த ஜேம்ஸ் ஜேமர்சன் 1983ஆம் ஆண்டு மறைந்தார். 2000ஆம் ஆண்டில்தான் ராக் இசைப் பெருமக்களின் வரிசையில் அவரைச் சேர்த்தார்கள். கண் மூடிப் பதினேழு ஆண்டுகள் சென்ற பின் வந்த மாலை அது! இருக்கும்போதே ஒரு வார்த்தை நன்றி சொல்லக் கூடாதா என்று நம் நெஞ்சம் கேட்கிறது.

இனி நம் ஆலயத்து வாசலுக்குத் திரும்புவோம். வழிபாட்டில் பதிவு செய்யப்பட்ட இசை வேண்டுமா, வேண்டாமா என்ற கேள்வி நம் இளைஞர்கள் கண்டுபிடித்த புதுக் கேள்வியன்று. 1958ஆம் ஆண்டு செப்டம்பர் 3ஆம் நாள், பன்னிரண்டாம் பத்திநாதர் காலத்தில், உரோமை வெளியிட்ட திருவழிபாட்டு இசை பற்றிய அறிவுரை, இசைத்தட்டு, வானொலி, ஒலிநாடா போன்ற தானியங்கிக் கருவிகளைத் திருச்சடங்குகளில் பயன்படுத்தலாகாது என்று தெளிவாகவே விலக்கியது. பின்னர் 1973ஆம் ஆண்டு சிறுவர் திருப்பலிக்கான வழிகாட்டி, ஆயர் பேரவைகளின் நெறிக்குட்பட்டுச் சற்று இடமளித்தது. இவற்றுக்கு இடையே, 1963ஆம் ஆண்டில் இரண்டாம் வத்திக்கான் சங்கத்தின் திருவழிபாட்டு ஏடு, பாடகர் குழுவினர் ஆற்றுவது உண்மையான திருவழிபாட்டுப் பணி என்று உரைத்தது. பீடச் சிறுவனும், வாசகம் வாசிப்பவரும் போலவே பாடகர் குழுவினரும் பணியாளரே. ஆகவே ஆலயத்தில் பாட்டுக்குத் துணையாக ஒருவர் வாசிப்பதை விழாவுக்கான அலங்காரமாக மட்டும் நாம் கருதலாகாது. அதுவும் ஒரு காணிக்கையே. காணிக்கையை இயந்திரம் கொடுக்க இயலுமா?

அதற்காக இளைஞர்களைக் குறை கூறுதல் நம் நோக்கமன்று. சுருதி விலகிய ஆர்மோனியத்தைச் செப்பனிட ஒரு பங்கு முன்வராதபோது, நல்ல இசையைத் தேடும் பிள்ளைகள் கைப்பேசியை நாடுவது இயல்பே. தபேலாவின் தோல் கிழிந்து ஆண்டுகள் பல ஆகியும் கவனியாத நாம், 'காலம் கெட்டுவிட்டது' என்று புலம்புவதில் பொருளில்லை. ஒரு பிள்ளை கீபோர்டு கற்க விரும்பினால் எந்தப் பெற்றோர் மகிழ்ந்து அனுப்புகிறோம்? 'படிப்பு கெடும்' என்று தடுப்பவர்களும் நாமே. விழா நாளில் 'வாசிக்க ஆளில்லையே' என்று வருந்துபவர்களும் நாமே.

கிறிஸ்து பிறப்பு விழா முடிந்த பின்னர், சனவரி மாதத்தில் அவ்வூருக்கு மீண்டும் சென்றோம். பங்குத் தந்தை இரு தரப்பாரையும் அழைத்துப் பேசியதாக உபதேசியார் கூறினார். வீடு வீடாகச் செல்லும் பாடல் பவனிக்கு இளைஞர்களின் ஒலிபெருக்கி. திருப்பலிக்குப் பெரியவரின் ஆர்மோனியம் என்று முடிவாயிற்றாம். நள்ளிரவுத் திருப்பலியில் ஓரிரு இடங்களில் தாளம் தடுமாறியதாம். ஆனால் அவ்விடங்களில் மக்களே குரலை உயர்த்திப் பாட்டைத் தாங்கிக்கொண்டார்களாம். அன்று ஞாயிற்றுக்கிழமை மாலை. ஆலயத்தின் பக்கத்து அறையில், முன்பு கைப்பேசி ஏந்தி நின்ற அதே இளைஞன் ஆர்மோனியத்தின் முன் அமர்ந்திருந்தான். கட்டைகளின் மீது அவன் விரல்களைப் பிடித்து வைத்துக்கொண்டிருந்தார் பெரியவர்.

"துருத்தியை அவசரப்பட்டு அமுக்காதே தம்பி. மூச்சு விடுற மாதிரி மெதுவா விடு" என்றார்.

"சரி தாத்தா" என்றான் அவன்.

வெளியே அறிவிப்புப் பலகையில், விழாவில் பாடியோர், வாசித்தோர் அனைவரின் பெயர்களும் சுண்ணக்கட்டியால் எழுதப்பட்டிருந்தன. சில எழுத்துகள் பனியில் கலைந்திருந்தன. முதலாவதாக இருந்தது ஆர்மோனியக்காரரின் பெயர். அவன்தான் எழுதினான் என்று உபதேசியார் புன்னகையோடு சொன்னார்.

திரும்பும் வழியில் உத்திரமேரூரில் இறங்கி, வைகுண்டப் பெருமாள் கோயிலின் கல்வெட்டுகளைக் கண்டோம். பராந்தக சோழன் காலத்தில், கி.பி. 919, 921ஆம் ஆண்டுகளில், குடவோலை முறையில் ஊர்ச் சபைக்கு ஆள் தேர்ந்தெடுக்கும் விதிகளைப் பொறித்த புகழ்மிக்க கல்வெட்டுகள் அவை. தகுதியுடையோரின் பெயர்களை ஓலையில் எழுதிக் குடத்தில் இட்டு, சிறுவன் ஒருவனைக் கொண்டு எடுத்த செய்தியைப் பாடநூல்களில் படித்திருக்கிறோம். ஆனால் அக்கல்வெட்டில் மன்னனின் பெயரோடு மற்றொரு பெயரும் உண்டு. சபையோர் பணிக்க இதனை எழுதினேன் என்று, எழுதிய மத்தியஸ்தன் சிவக்குறி இராசமல்ல மங்கலப்பிரியன் தன் பெயரையும் பதிவு செய்திருக்கிறான். ஆயிரத்து நூறு ஆண்டுகளுக்குப் பின்னும் அவன் பெயரை நாம் வாசிக்கிறோம்.

வாசக அன்பர்களே, உங்கள் ஆலயத்தில் ஆர்மோனியமோ கீபோர்டோ வாசிப்பவர் யார்? தபேலா தட்டுபவர் யார்? அவர்கள் பெயரை உங்கள் பிள்ளைகள் அறிவார்களா? வருகிற ஞாயிறு திருப்பலி முடிந்ததும், வீட்டுக்கு விரையுமுன் அவர்களிடம் சென்று ஒரு சொல் பேசுங்கள். கற்றுக்கொள்ள விரும்பும் பிள்ளை வீட்டில் இருந்தால், உடன் அழைத்துச் செல்லுங்கள்.